காலத்தாழ்வும் பொறையும்

வழிச்செல்வார்க்கு நேரும் இடையூறுகளுள் கள்வராலும் கொடுவிலங்காலும் வருவன இக்காலத்து அருகின. பெரிதும் எஞ்சி நிற்பது காலத்தாழ்வே. குறித்த பொழுதிற் புறப்பட்டும் நடுவழியில் நிற்க நேர்ந்தால் மனம் படும் பாடு யாவரும் அறிந்ததே. இத்தாழ்வினைச் சித்தாந்த சைவர் எங்ஙனம் கொள்ளல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

சென்னையின் வடபால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீண்டு கிடக்கும் பகுதி இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் இடம். தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் புறப்பட்டது இராயபுரத்தினின்றே. விரைவு தொடங்கிய அவ்விடத்தைச் சூழவே இன்று தாழ்வும் மிக்குளது. கும்மிடிப்பூண்டிப் பாதையில் மின்சார ரயில் சிக்னலுக்காக நின்றுவிடுகின்றது; துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் சாலையில் மணிக்கணக்காக வரிசையிற் காத்து நிற்றலும் உண்டு. அவற்றினிடையே அகப்பட்ட பேருந்தில் இருப்போர், "என் நேரம் வீணாயிற்றே" என்று வெகுள்கின்றனர்.

"என் நேரம்" என்னும் இச்சொல்லைச் சிறிது நோக்குக. காலம் என்பது வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று, அசுத்த மாயையினின்று தோன்றுவது, சடப்பொருள். நியதி, கலை, வித்தை, அராகம் முதலியவற்றோடு இறைவன் உயிர்க்குக் கூட்டுவித்த கருவி அது. இரவற் பொருளைத் தன் உடைமை என்று கொண்டவனுக்கே அது பறிபோயிற்று என்னுந் துயரம் உண்டாம். ஆகவே வண்டி நின்றவழி எழும் வெகுளி, நேரம் போயினமையால் எழுவதன்று. "எனது" என்னும் பற்றுத் தாக்குண்டமையால் எழுவதாம். வண்டி ஓடுகையில் அடங்கிக் கிடந்த செருக்கு, வண்டி நின்றவுடன் தன்னைக் காட்டிக்கொள்கின்றது. தன் நோயைத் தான் அறிதற்கு இதனினும் எளிய வாயில் கிடைத்தல் அரிது. இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பினை அரைமணிப்பொழுதின் தாழ்விற் பயிலாதவன், பெருந்துயர் வந்துற்ற நாளில் எங்ஙனம் எய்துவான்?

திருவொற்றியூரிலேயே இதற்குச் சான்றுகள் உள. மகிழின்கீழ்ச் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்த நம்பியாரூரர், ஆரூர்ப் பெருமானைக் காணும் வேட்கை மீதூரப் புறப்பட்டு, ஊரெல்லையைக் கடந்த அளவில் கண்ணொளி மறையப் பெற்றார். வேட்கை இறைவன்பாலதே, எனினும் சூள் பிழைத்தது. வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றைக் கண்ணும் அவர்க்கு அருளப்பட்டன. ஒருங்கே அருள வல்ல பெருமான் ஓரிடத்தும் முழுவதும் அளியாது தாழ்த்தமை என்னை? அத்தாழ்வன்றோ வழிநெடுகப் பதிகங்களாய் மலர்ந்தது! கோலூன்றி நடந்த அச்செலவு நேராதிருப்பின் அப்பதிகங்களை நாம் பெற்றிருப்போமல்லோம்.

இனி, அத்தலத்து ஆதிபுரீசர் ஆண்டு முழுவதும் கவசத்துள் மறைந்தே எழுந்தருளியுள்ளார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் நீக்கப்பெற்றுப் புற்றிடங்கொண்ட திருமேனி காணக்கிடைக்கும். ஏனைய நாட்களில் வருவோர் இறைவனைக் காணாது மீள்கின்றனரோ? இல்லை, மறைந்திருப்பவனை வணங்கியே மீள்கின்றனர். மறைத்தலும் ஐந்தொழிலுள் ஒன்று. உயிரின் பக்குவம் நோக்கி மறைத்து நின்று, மலம் பரிபாகமுற்றவழி அருளாய் வெளிப்படுவது திரோதான சத்தி. தாழ்வு மறுப்பன்று என்பதனை அக்கவசம் ஆண்டுதோறும் உணர்த்துகின்றது.

அற்றேல், எத்தாழ்வையும் பொறுத்து வாளா இருத்தலே சைவநெறியோ எனின், அன்று. பொறை வேறு, மடி வேறு. தன் இழப்பைத் தான் பொறுத்தல் தவம். பிறர் இழப்பைக் கண்டு தான் பொறுத்திருத்தல் இரக்கமின்மை. ஊணும் உறக்கமும் இன்றி லாரியிற் காத்துக் கிடக்கும் ஓட்டுநரை நோக்கி, "பொறுமை கொள்க, அஃது உன் வினை" என்று கூறுதற்கு நமக்கு உரிமை யாது? வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். உற்றார்க்கு உதவுதல் நம் கடன். இருவினையொப்பு என்பது தன் வினைப்பயனைத் தான் நோக்கும் நோக்கமேயன்றிப் பிறர் துன்பத்திற்குக் கண்மூடும் போர்வையன்று. நோயாளியை ஏற்றிவரும் வண்டிக்கு வழிவிடுதலும், விடாய்த்தார்க்கு நீர் அளித்தலும், சீர்கெட்ட வழியைச் சீர்செய்யுமாறு உரியாரை வற்புறுத்தலும் பொறைக்கு மாறாவன அல்ல. வெகுளியின்றிச் செய்யப்படின் அவையே பொறையின் பயனாம்.

ஆதலின் அன்பர்காள்! வழியில் தடையுற்றபொழுது திருவைந்தெழுத்தை உள்ளத்தில் அமைத்து, "இஃது என் காலமன்று, அவன் தந்த காலம்" என்று எண்ணுக. எண்ணியவாறே அருகிருப்பாரை நோக்குக. தன்னளவில் அமைதியும் பிறரளவில் இரக்கமும் ஒருங்கே நிகழுமாயின், நின்ற வண்டியிலும் உயிர் தன் வழியில் செல்வதாகும்.

திருச்சிற்றம்பலம்