சிற்றில் சிதைத்தல்: அழிப்பின்பமும் அறமும்

ஆக்குவதில் மட்டுமன்றி அழிப்பதிலும் மனிதன் இன்பங் காண்கின்றான். தான் அடுக்கிய கட்டைகளைத் தானே தட்டிவிட்டுக் குழந்தை சிரிக்கின்றது. தமிழிலக்கியம் இவ்வியல்பை நன்கறியும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்திலே, தாம் இழைத்த மணல்வீட்டைச் சிதையாதிருக்குமாறு சிறுமியர் பாட்டுடைத் தலைவனை இரந்து நிற்கின்றனர். கபிலரின் குறிஞ்சிக்கலியிலும் தலைவியொருத்தி, இளமையில் தன் சிற்றிலைக் கலைத்த குறும்பனைத் தோழிக்கு நினைவூட்டுகின்றாள்.

இவ்வின்பம் இன்று கணினித் திரையிலே பேருருக் கொண்டுள்ளது. 2009ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரெட் ஃபக்ஷன்: கெரில்லா’ என்னும் விளையாட்டு இதற்குத் தக்க சான்றாகும். செவ்வாய்க் கிரகத்துச் சுரங்கத் தொழிலாளர், தம்மை ஒடுக்கும் படைக்கெதிராகக் கிளர்ந்தெழுவதே அதன் கதை. ஆடுபவன் பரந்த நிலப்பரப்பில் விரும்பிய திசையிற் சென்று, துப்பாக்கியும் வெடியும் சம்மட்டியுங் கொண்டு கட்டடங்களைத் தகர்க்கலாம். தாங்குதூண் வீழ்ந்தால் மேற்றளம் சரியும். இடிபாடுகளிற் பொறுக்கும் உலோகமே அவனுக்குச் செல்வம். இத்தகைய அழிப்பில் இன்புறுதல் அறத்துக்கு இழுக்காகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இழுக்கன்று என்பார், திரையில் வீழ்வது ஒளியும் நிழலுமேயென்றும், துன்புறுவார் இல்லாத இடத்துத் தீங்கும் இல்லையென்றும் வாதிப்பர். இழுக்கே என்பார், பழக்கமே பண்பாகின்றது என்னும் அரிஸ்டோட்டிலின் கருத்தைத் துணைக்கொள்வர். விலங்குகளிடம் கொடுமை பழகுபவன் மனிதரிடத்தும் வன்னெஞ்சனாவான் என்ற கான்ற்றின் கூற்றையும் எடுத்துக்காட்டுவர். முதலாவது வாதம் செயலை மட்டும் நோக்குகின்றது; மனத்தை நோக்கவில்லை. இரண்டாவது வாதமோ சிற்றில் சிதைத்த சிறுவனையும் கொடியவனாக்கிவிடும்.

சிற்றிலின் பாடல்களைக் கூர்ந்து நோக்கின் வேறொரு வழி புலப்படும். அங்கே பேசுபவர் வீட்டை இழைத்தவர். அழிப்பவனின் காலடியில் அவர்தம் உழைப்புக் கிடக்கின்றது. அவர்தம் குரல் அவன் செவியில் விழுகின்றது. கணினி விளையாட்டிலோ கட்டியவனின் குரல் இல்லை. படைக்கலம் ஏந்தாத மக்களைக் கொன்றால் தொழிலாளரின் ஊக்கம் குறைவதாக அவ்விளையாட்டுக் கணக்கிடுகின்றது என்பது உண்மையே. ஆயின் அக்கணக்கு வெற்றிக்கு நேரும் இடையூற்றையே அளக்கின்றது. இழந்தவரின் துயரை அளப்பதில்லை.

மலையகத்தின் வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். 1969ஆம் ஆண்டு மவுஸாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீருள் மூழ்கிற்று. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது, பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளித்தோன்றுகின்றன. மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதாயிற்று. ஆதலின் அவ்வழிவு தவறென்று எளிதிற் கூறவியலாது. எனினும் காணச் செல்வோர் அச்சுவர்களின் முன் சற்றே மௌனமாய் நிற்கின்றனர். அழிவு தேவையானது என்பதால் அது அழிவன்று என ஆகிவிடாது என்பதை அம்மௌனம் உணர்த்துகின்றது.

தொழிலாளர் எழுச்சியும் ஈண்டு வேறு வடிவம் கொண்டது. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகள் சுவீகரிக்கப்படுவதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டனர். டெவன் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குச் சிவனு லெட்சுமணன் பலியானார். செவ்வாயின் கற்பனைத் தொழிலாளர் தகர்ப்பதற்கு எழுந்தனர். இங்கு எழுந்தவர்களோ தம் முன்னோர் உழைத்துப் பண்படுத்திய மண்ணைக் காப்பதற்கு எழுந்தனர்.

இன்னுமொன்று நோக்கற்பாலது. அவ்விளையாட்டிற் கட்டடங்கள் சரியுமேயன்றிக் குன்றும் நிலமும் சரியா. மலையகத்திலோ மண்ணே சரிகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலின் பெருமழையால் மலைநாட்டின் பல பகுதிகளில் மண்சரிவுகள் உயிர்களைக் கவர்ந்தன. அங்கு மீண்டும் தொடங்குதற்கு ஒரு பொத்தானும் இருக்கவில்லை.

இவ்வாறாயின், ஹற்றனிலோ தலவாக்கலையிலோ லயத்து அறையிலிருந்து இவ்விளையாட்டை ஆடும் இளைஞனைக் குற்றவாளியாக்கலாமா? அது பொருந்தாது. தான் பிறந்த வீட்டின் சுவரை மாற்றியமைப்பதற்கும் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை வேண்டிநிற்கும் நிலையில் வளர்ந்தவனுக்கு, தன் கைபட்டதும் சுவரொன்று அசைவது விடுதலைபோலத் தோன்றுதல் இயல்பே. அவனை ஈர்ப்பது கொடுமையன்று; சூழலை மாற்றும் ஆற்றலே. அவ்வாற்றலைத் திரையில் மட்டுமே அவனுக்கு விட்டுவைத்த சமூகம், அவனைக் குறைகூறுமுன் தன்னை வினவிக்கொள்ளல் வேண்டும்.

எனினும் ஆடுபவனுக்கும் ஒரு கடப்பாடு உண்டு. விளையாட்டு முடிந்தபின் அவன் காணும் ஒவ்வொரு சுவரும் ஒருவர் கல் சுமந்து எழுப்பியதாகும். அதனை அவன் மறவாதிருக்கும்வரை அவனது ஆட்டம் சிற்றில் சிதைத்த சிறுவனின் குறும்பேயாகும். மீரியபெத்தையின் படத்தைக் கண்டும், எது எவ்வாறு சரிந்தது என்று மட்டுமே அவன் வியப்பானாயின், அன்றே அவ்வின்பம் அவனது அறவுணர்வைத் தீண்டிவிட்டது எனக் கொள்ளல் வேண்டும்.