பிற சமய நூல்களைப் பயிலல்



பிற சமய நூல்களைப் பயின்றால் நம் பிள்ளைகளின் நற்காட்சி தளருமோ எனப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர்.

சைவராகிய உ.வே. சாமிநாதையர், 1880-ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். தமிழ்ப் புலமை மிக்க அவருக்கும் சமணக் கோட்பாடுகள் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லங்களை நாடி, மாணாக்கர் போல வினவித் தெளிந்தார். 1887-இல் அந்நூலை அச்சேற்றினார். பின்னர்ப் பௌத்தமும் பயின்று, 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். இறுதிவரை அவர் சைவராகவே வாழ்ந்தார்.

ஒரு பொருளைப் பல நிலைகளில் நின்று நோக்குக என்பது அநேகாந்தம். ஆதலின் விவிலியமோ, குர்ஆனோ, தம்மபதமோ எதுவாயினும், குறை காணும் நோக்கமின்றி, அதனைப் போற்றி வாழ்வாரிடம் கேட்டுப் பயிலுதல் நமக்குத் தகும்.

மற்றொன்றும் எண்ணுக. அன்று ஐயர் வினவியபோது விடை கூற வல்லார் நம்மவருள் இருந்தனர். இன்று ஒருவர் நம் வாயிலில் நின்று, "வினை உயிரைப் பற்றுவது எங்ஙனம்?" என வினவினால், நம் பிள்ளைகள் என்ன விடை கூறுவர்? நற்காட்சி தளர்வது நம் நூல்களை மூடி வைப்பதனாலேயே. பிறர் நூலைத் திறக்கும் இல்லத்தில், நம் நூலிலும் நாள்தோறும் ஒரு பக்கமேனும் ஓதுவோமாக!

வளர்க அறம்!