விட்டுக்கொடுத்த ஆலயமும் இரவல் கொடுத்த படகும்

கெனேசரேத்துக் கடலருகே ஜனங்கள் நெருக்கியபோது, இயேசு கிறிஸ்து சீமோனிடத்தில் முதலாவது கேட்டது அவனுடைய படகை. இரவு முழுவதும் பாடுபட்டும் ஒரு மீனும் அகப்படாமல், சோர்வோடு வலைகளை அலசிக்கொண்டிருந்த மனிதன் அவன். அவனுடைய பிழைப்பின் கருவியே அன்றைக்குப் பிரசங்கபீடமாயிற்று (லூக்கா 5). பின்பற்றி வா என்ற அழைப்பு பிறகுதான் வந்தது. படகைக் கொஞ்சம் தள்ளிக்கொடுக்க மனமில்லாதவன் எல்லாவற்றையும் விட்டுப் பின்செல்லுவது எப்படி?

கடலோரத்து எளிய ஜனங்களிடத்தில் இப்படி ஒன்று கேட்கப்பட்ட சம்பவம் நம்முடைய தேசத்திலும் உண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தும்பா என்னும் கடற்கரைக் கிராமம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்லுகிறபடியால், மேல்வளிமண்டலத்தை ஆராயும் ராக்கெட்டுகளை ஏவ அது மிகப் பொருத்தமான இடம் என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆனால் அந்த இடத்தின் நடுவில் மீனவக் குடும்பங்களின் வீடுகளும், மகதலேனா மரியாளின் பெயரால் விளங்கிய ஆலயமும் இருந்தன. 1962-ஆம் ஆண்டில் டாக்டர் விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைச் சந்தித்து ஆலயத்தையும் நிலத்தையும் கேட்டார். ஆயர் உடனே விடை சொல்லவில்லை; ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும்படி அழைத்தார். அந்நாளில் சபையின் முன்பாகக் காரியத்தை வைத்து, மனிதருக்கு நன்மை உண்டாகும்படி அறிவியல் செய்கிற வேலையையும் சபை செய்கிற வேலையையும் எடுத்துச் சொல்லி, தேவனுடைய வீட்டைக் கொடுக்கலாமா என்று கேட்டார். சபையார் 'ஆமென்' என்றார்கள். டாக்டர் அப்துல் கலாம் இந்தச் சம்பவத்தைத் தம் நூலிலும் உரைகளிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

இராமேஸ்வரத்தில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த அந்த இளைஞருக்கு, அந்த ஆலயத்தின் ஜெப அறையே முதல் ஆய்வுக்கூடமாயிற்று. ஆயரின் அறையில் வரைபடங்கள் தீட்டப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் ஏறிற்று. அதை ஏவுதளத்தில் ஏற்றும் வேளையில் பளுதூக்கி பழுதாகிவிட, மனிதர்கள் கைபலத்தாலேயே தூக்கி நிறுத்தினார்கள் என்பதும் அவர் சொன்ன செய்திதான்.

இதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் 'ஆமென்' என்ற சொல்லோடு நிறுத்திவிட்டு ராக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆமென் சொல்ல ஒரு நொடி போதும். அதன் பாரம் திங்கட்கிழமையில்தான் தெரியும். தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற இடத்தை, பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைத்த பீடத்தை, தினமும் வள்ளம் இறக்கிய கரையை விட்டு அந்தக் குடும்பங்கள் பெயர்ந்தன. வயலை விற்றவன் வேறொரு வயலை வாங்கி உழலாம், கரையோ அப்படியல்ல. கரையிலுள்ள தென்னையையும் குன்றையும் கோபுரத்தையும் அடையாளம் வைத்தே மீனவன் கடலுக்குள் பார் இருக்கும் இடத்தை அறிகிறான். கரை மாறினால் கடலும் அந்நியமாகிவிடுகிறது. அரசாங்கம் கேட்கும்போது ஏழைகள் மறுக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வியே. ஆனாலும் நிர்ப்பந்தத்தின் நடுவிலும் ஒரு மனிதன் கசப்போடு கொடுக்கலாம், கர்த்தருக்கென்றும் கொடுக்கலாம். குடிபெயர்ந்த இடத்தில் அவர்கள் புதிய ஆலயம் எழுப்பிக்கொண்டார்கள். பழைய ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

அந்த ஆலயம் யாருடைய பெயரைத் தாங்கியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதலாவது கண்ட மகதலேனா மரியாள் அவரைப் பற்றிக்கொள்ள விரும்பினாள். அவரோ, தம்மைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்காமல், சகோதரரிடத்திற்குப் போகும்படி அவளை அனுப்பினார் (யோவான் 20). தோட்டத்திலே அவர் பாதத்தருகே தங்கியிருப்பது எவ்வளவு இன்பமாயிருந்திருக்கும்! ஆனால் அவள் போனாள்.

போகிற இடம் எது? பெரும்பாலும் சந்தையும் கணக்குப் புத்தகமும்தான். தும்பாவுக்கு வடக்கே அதே கடலோரத்தில் மரியநாடு என்னும் மீனவக் குடியிருப்பு இருக்கிறது. அக்காலத்தில் வலைக்கும் மரத்துக்கும் வியாபாரியிடம் கடன் வாங்கிய மீனவன், பிடித்த மீனை அவன் மூலமாகவே விற்கவேண்டும். விலையையும் அவனே சொல்லுவான். கடனுக்கு வட்டி இல்லை என்று சொல்லப்பட்டாலும், ஒவ்வொரு ஏலத்திலும் அது கூடையிலிருந்து எடுக்கப்பட்டது. 1960-களின் பிற்பகுதியில் மரியநாட்டு மீனவர்கள், தங்களோடு வந்து குடியிருந்த சமூக ஊழியர்களின் துணையோடு, தாங்களே ஏலம் விட்டு, விலையில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் ஒதுக்கும் சங்கத்தை உண்டாக்கினார்கள். அந்த மாதிரியைப் பின்பற்றியே 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகளில் வாசித்துவிட்டுப் போகிறவர்கள் அநேகர். தராசைச் சரிசெய்ய மணலில் இறங்கி நிற்பவர்கள் சிலரே.

இன்றைக்குக் கழக்கூட்டம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே கணிப்பொறியின் முன் அமர்ந்து உழைக்கிறார்கள். அவர்களிடத்தில் ஆலயத்தை யாரும் கேட்கப்போவதில்லை. செய்த மணிக்கணக்கை உள்ளபடி எழுதுகிறாயா, தோழனுடைய உழைப்பைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளாதிருக்கிறாயா, வாசலில் நிற்கும் காவலாளியின் பெயராவது உனக்குத் தெரியுமா என்றுதான் கேட்கப்படும். சீமோனின் படகும் அப்படிப்பட்ட சாதாரணப் பொருள்தானே.

2017 நவம்பர் முடிவில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் கடலோரத்தைச் சூறையாடிற்று. கடலுக்குப் போனவர்களில் அநேகர் திரும்பவில்லை. தங்களைத் தேட உதவி தாமதமாய் வந்தது என்ற வேதனை அந்த வீடுகளில் ஆறாமலிருந்தது. ஒன்பது மாதங்கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கிற்று. செங்கன்னூரிலும் பத்தனம்திட்டாவிலும் ஜனங்கள் கூரைகளின்மேல் நின்றார்கள். அப்போது இதே கடற்கரையோரங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகப் போனார்கள். கிறிஸ்தவர்கள் மாத்திரமல்ல, இந்துக்களும் இஸ்லாமியரும் அந்தப் பணியில் இருந்தார்கள் என்பதை மறைக்கலாகாது. கேரளக் கடலோரத்திலிருந்து சென்ற மீனவர்கள் மீட்டவர்கள் ஏறத்தாழ 65,000 பேர் என்று அரசு கணக்கிட்டது. அரசு அறிவித்த தினப்படியை, உயிரைக் காத்ததற்குக் கூலியா என்று மறுத்தவர்களும் அவர்களில் உண்டு.

தாமதமாய் வந்த உதவியை நினைத்து அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். குற்றம் சொல்ல ஒருவருக்கும் வாயிருந்திருக்காது. கடலுக்கென்று செய்யப்பட்ட படகுகள் மதில்களிலும் மின்கம்பங்களிலும் மோதி, அடிப்பாகம் கீறி, என்ஜின் பழுதடைந்து திரும்பி வந்தன. கரையில் அவற்றைக் கவிழ்த்துப் போட்டு, விரிசல்களை அடைத்து, காயவைத்து, மறுபடியும் கடலில் இறக்கினார்கள்.