மறைப்பது மானமல்ல

 

சிராங்கூன் சாலையில் கடை வைத்திருப்பவன் நான், ஆலிமல்லன். எவரும் வாய்திறவாத விஷயமாதலால் எழுதத் துணிந்தேன்.

சிறு பிராயத்தில் என்னுடன் ஓதிய பையன், உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போகச் சொன்னால் அழுவான். பிடிவாதமென்று அடித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அம்மனிதர் அவனிடம் முறைதவறி நடந்ததை, எங்களுக்கு நரை கண்ட பின்னரே என்னிடம் சொன்னான்.

இந்நாட்டுச் சட்டம் உறங்கவில்லை. 2020 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, 16 நிறைந்து 18 ஆகாத பிள்ளையை, பொறுப்பிலிருப்பவர் அவ்வுறவைக் கொண்டு தகாத செயலுக்கு இணங்க வைத்தால், பிள்ளை சம்மதித்தாலும் குற்றமே. சிறுவர்களின் ஆபாசப் படத்தைக் கைபேசியில் வைத்திருந்தாலே 5 ஆண்டு வரை சிறை; அபராதமோ பிரம்படியோ சேரலாம்.

ஆனால் சட்டம் நம் அடுப்பங்கரைக்குத் தானாக வராது, யாரேனும் சொல்லவேண்டும். நாமோ குடும்ப மானமென்று மூடுகிறோம். யாருடைய மானம்? அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்; அவனைத் தடுப்பதே அவ்வுதவி என்றும் விளக்கினார்கள். மூடி மறைப்பவர் அவனுக்கும் உதவவில்லை. பெற்றோர், உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது அந்நிஸா அத்தியாயம். நாம் சம்பந்தியின் முகத்தைப் பார்க்கிறோம்!

ஓதிக்கொடுக்க ஒருவர் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறந்து வையுங்கள். நல்ல உஸ்தாது கோபிக்கமாட்டார். பிள்ளை ஒருவரைக் கண்டு ஒதுங்கினால் அடிக்காதீர்கள், கேளுங்கள். நடந்தது தெரிந்தால் போலீசிடம் சொல்லுங்கள். 1800-777-0000 என்ற உதவி எண்ணிலும் இரவு பகலாக ஆளுண்டு.

என் தோழன் இன்றும் அந்த வீட்டுத் தெரு வழியாகப் போவதில்லை.