விற்பது யாருடையது?

1998இல் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் அமுலுக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் தேயிலைக்கும் ஆடைக்கும் கணக்குண்டு, கடலுக்கில்லை. அரசுகளின் மற்றைய ஒப்பந்தங்களும் இப்படித்தான். எங்கள் கொட்டியாரக் குடாவின் கரையில், சம்பூரில், 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்க 2013இல் இரு நாட்டு மின் நிறுவனங்கள் ஒப்பமிட்டன. கொதிநீரையும் சாம்பலையும் ஏற்கவிருந்த மீனவனிடம் யார் சம்மதம் கேட்டார்?

மின்சாரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. என் மாணவர்களும் விளக்கொளியில்தான் படிக்கிறார்கள். ஆனால் தனதல்லாததை விற்றால் வியாபாரம் செல்லாதென்பது சந்தைக் கடைக்காரரும் அறிந்த நியாயம். கடல் அரசுகளிடம் உள்ள அமானிதம், உடைமையன்று.

வழக்கொன்றின்போது, 2016 செப்டெம்பரில், திட்டம் கைவிடப்படுவதாக அரச தரப்பு உயர் நீதிமன்றில் அறிவித்தது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. ஒப்பமும் மாறக்கூடியதே, கேட்பதற்கு ஆள் வேண்டும்.