திரையில் ஒரு கொலு

2020-ஆம் வருஷத்து நவராத்திரியில் நோய்க்குப் பயந்து யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. எங்கள் கொலுவைக் கைபேசியில்தான் உறவினர்களுக்குக் காட்டினோம். சுண்டல் இல்லாத கொலு! ஆனாலும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பார்த்தார்களே, அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

கீழ்ப்படியில் மளிகைக் கடை பரப்பியிருக்கும் செட்டியாரை மட்டும் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன். அம்மா விளாச்சேரியில் வாங்கியது. மூக்கு உடைந்து, வர்ணத்துக்கு அடியிலிருந்து சுட்ட களிமண் எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. மறைக்கவும் முடியாது; வந்தவர் கண் தன் இஷ்டத்துக்கு மேயும். திரையிலோ என் கைதான் அவர்கள் கண். அந்த அதிகாரம் வந்தவுடனே நான் செய்த முதல் காரியம் இது! வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்பது உண்மை. அதனால் யோக்கியன் என்று ஆகிவிடுமா?

“அண்ணா, செட்டியார் எங்கே?” என்றாள் தங்கை.

“அங்கே வெளிச்சம் போதாது” என்றேன். இப்போது அதுவும் ஆயிற்று.

“அவர் மூக்கை உடைத்ததே நான்தானே, காட்டு அண்ணா!”

காட்டினேன். மற்ற படிகளுக்கு அவள் திரும்பவே விடவில்லை.