சொல்லு என்று கேட்கும் உரிமை

'என்ன பிரச்சினை, எங்கிட்ட சொல்லு' என்று ஒரு பிள்ளையைக் கேட்கும் உரிமை ஓர் ஆசிரியருக்கு எங்கிருந்து வருகிறது? பட்டத்திலிருந்தா, அன்பிலிருந்தா, வாங்கும் சம்பளத்திலிருந்தா? கேட்டு முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கும் அந்த உரிமை உண்டா? ஆசிரியர் பயிற்சியை மாற்ற வேண்டும், பள்ளிக்குப் பள்ளி ஆலோசகர் வேண்டும் என்று நாமும் கோரிக்கை வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டு அந்தக் கோரிக்கையை வைக்க முடியாது.

நாங்குநேரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன், கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடம் போகாமல் நின்றான். ஏன் என்று கேட்டார்கள். சொன்னான். புகார் பள்ளிக்குப் போனது. 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தங்கைக்கும் வெட்டு. அந்தப் பிள்ளை அதிலிருந்து எழுந்துவந்து 2024இல் பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தான். நாமெல்லாம் பாராட்டினோம். கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவன் சொன்ன நேரத்துக்கும் அரிவாள் வந்த நேரத்துக்கும் நடுவில் நிற்க ஓர் ஆள் இல்லை, ஓர் ஏற்பாடு இல்லை. இதைத்தான் சொல்கிறேன்.

அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பி.எட். பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும், பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வேண்டும் என்றது. ஆசிரியர் தேர்வின்போது சமூகநீதி பற்றி அவர் மனப்பாங்கு என்ன என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. நல்ல அறிக்கை. ஆனால் மனப்பாங்கை எந்தத் தராசில் நிறுப்பது? தீண்டாமைக்கு எதிரான வாசகம் நம் பாடப்புத்தகத்தின் முன்பக்கத்திலேயே அச்சாகி வந்தது. அதைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கு ஆசிரியர்கள். தேர்வில் கேட்டால் அத்தனை பேரும் சரியான விடையைத்தான் எழுதுவார்கள்.

ஆசிரியரைத் தயார்செய்யும் வேலை நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை. அங்கே இருக்கும் ஆசிரியர் கல்லூரி 1856இல் நார்மல் பள்ளியாகத் தொடங்கியது. வழியில் பரங்கிமலை. அங்கே பிறந்த எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர், பாடப்புத்தகம் எழுதியவர், பின்னால் மாகாண சட்டசபையில் நம்ம ஜனங்களுக்காகப் பேசியவர். கிழக்கே காரப்பாக்கத்தில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், 2008இல் வந்தது. 2015இலிருந்து பி.எட். இரண்டு வருடம். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே கண்ணகி நகர். ஆற்றோரத்திலும் கரையோரத்திலும் இருந்த குடிசைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொட்டிய 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பட்டம் கொடுக்கும் இடத்துக்கும், அந்தப் பட்டம் யாருக்காகவோ அந்தப் பிள்ளைகள் வாழும் இடத்துக்கும் நடுவில் சில தெருக்கள்தான்.

நான் பி.எட். படித்தபோது நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களில் உண்டான முறை. கற்பித்தலைத் துண்டு துண்டாக உடைத்து, கேள்வி கேட்பது ஒரு திறன், கரும்பலகையில் எழுதுவது ஒரு திறன், பாராட்டுவது ஒரு திறன் என்று ஐந்து பத்து நிமிடம் பழக வேண்டும். கூடப்படிக்கிறவர்களே மாணவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். குரல், பார்வை, கை அசைவு எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. யாரிடம் கேள்வி கேட்டாய், யாரிடம் கேட்கவே இல்லை என்பதற்கு எங்கள் கல்லூரியில் மார்க் கிடையாது. 'உம் பேச்சுல சேரி வாடை அடிக்குது, திருத்திக்கோ' என்று எனக்கு மட்டும் ஒரு குறிப்பு கிடைத்தது.

ஆனாலும் அந்த முறையில் ஓர் உண்மை இருக்கிறது. வகுப்பறையில் சாதி கருத்தாக நடமாடுவதைவிட அசைவாக நடமாடுகிறது. யார் நோட்டைக் கையில் வாங்கித் திருத்துகிறார், யார் நோட்டை மேசையில் வைக்கச் சொல்கிறார். தண்ணி கொண்டுவர யாரை அனுப்புகிறார், கக்கூஸ் கழுவ யாரை அனுப்புகிறார். 2022இல் ஈரோடு மாவட்டம் பாலக்கரையில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததாகத் தலைமை ஆசிரியை கைதானார். சாத்தாரா பள்ளியில் சிறுவன் அம்பேத்கர் தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாது, பியூன்தான் திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பள்ளி ஆசிரியர்கள் மனசுக்குள் இரக்கம் இருந்ததா இல்லையா என்பது அவர் தாகத்துக்கு ஒரு பொருட்டா? ஒரு கை குழாயைத் திறந்திருந்தால் போதும்.

'உள்ள சாதியை வச்சிக்கிட்டு வெளிய ஒழுங்கா நடந்தா அது நடிப்புதானே' என்று ஒரு தோழர் கேட்டார். நடிப்பாகவே இருந்துட்டுப் போகட்டும். ஆசிரியரின் மனசு மாற முப்பது வருஷம் ஆகலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு ஒரு வருஷம்தான். அவளுக்கு நாம் தரவேண்டியது நடத்தை. அதைப் பழக்கலாம், கண்காணிக்கலாம், மீறினால் தண்டிக்கலாம்.

ஆனால் இந்த வாதம் வகுப்பறை வாசலோடு நின்றுவிடுகிறது. ஆலோசகர் அறைக்குள் சாட்சி இல்லை. அங்கே ஒரே வேலை கேட்பது. நடித்துக்கொண்டு கேட்க முடியாது. கார்ல் ரோஜர்ஸ் 1957லேயே சொன்னார்: பரிவும், நிபந்தனையில்லாத மதிப்பும், பொய்யில்லாத தன்மையும் இருந்தால்தான் வந்தவரிடம் மாற்றம் நடக்கும் என்று. ஆலோசனைப் படிப்புகளில் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் பரிவோடு கேட்டுவிட்டு எதை எழுதிக்கொள்கிறார்கள்?

நான் வேலை பார்க்கும் புறநகர்ப் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பற்றி ரெக்கார்டு நோட்டில் எழுதியிருந்தாள். 'காரணம்: தாழ்வு மனப்பான்மை. தீர்வு: ஆலோசனை.' அந்தப் பிள்ளை வாயைத் திறக்காமல் போனதற்குக் காரணம், வீடு எந்தக் குடியிருப்பு என்று வகுப்பில் தெரிந்த அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவள் இடம் மாறி உட்கார்ந்ததுதான். டீச்சரும் அதற்கு அனுமதி கொடுத்தார். பயிற்சிக்கு வந்தவள் கெட்டவள் இல்லை. 'மேம், எங்களுக்கு இப்படித்தான் எழுதச் சொல்லிக் குடுத்தாங்க' என்றாள். தாழ்த்தியது வகுப்பறை. நோய் எழுதியது பிள்ளை பேரில்.

அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் வேலை பார்த்த ஃபிரான்ஸ் ஃபனான் 1956இல் ராஜினாமா செய்தார். காலனி ஆட்சி ஒரு பக்கம் மனிதர்களை உடைத்துக்கொண்டே இருக்க, இன்னொரு பக்கம் ஒவ்வொருவர் மனசையும் ஒட்டவைத்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் நிலை. நம் ஆலோசகர்கள் எல்லோரும் ராஜினாமா செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போனால் அந்த நாற்காலியும் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் கேட்பது மட்டுமே வைத்தியம் என்ற நினைப்பை ராஜினாமா செய்யலாம்.

2012இல் வந்த போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் தண்டனை. சாதிக் கொடுமையைக் கேட்ட ஆசிரியருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. 'சமாதானமா போங்கப்பா, எல்லாம் ஒரே வகுப்புப் பசங்கதானே' என்று முடித்துவிடலாம். ஆனால் அதே சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு உரிமை தருவது. அதை ஒரு பயிற்சி ஆசிரியருக்கு மனுவாக எழுதத் தெரியுமா? யாரிடம் கொடுப்பது, அன்று இரவு பிள்ளை எங்கே தூங்குவது, மறுநாள் எந்தப் பஸ்ஸில் யாரோடு வருவது? இவையும் திறன்கள்தான். துண்டு துண்டாகப் பழகக்கூடியவைதான்.

இதுவரை இந்த வேலையைப் படிக்காமலேயே செய்தவர்கள் சேரியிலிருந்து வந்த ஆசிரியர்கள். ஒதுங்கிப் போக அவர்களுக்கு வேறு தெரு இல்லை. ஆனால் நிற்பது நம்ம ஆசிரியரின் பாடு, கேட்டு எழுதிக்கொள்வது மற்றவர்களின் படிப்பு என்றால் அது இன்னொரு சாதிப் பிரிவினை.

சொல்லு என்று கேட்கும் உரிமை ஒரு கடன். பிள்ளை வாய் திறந்ததும் கடன் ஏறிவிடுகிறது. அதனால் பட்டம் கொடுக்கும்முன் மனப்பாங்கை அளக்கும் நூறு கேள்விகளோடு இதையும் கேளுங்கள்: இன்றைக்குச் சாயங்காலம் ஒரு பிள்ளை உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாளைக் காலையில் நீ எங்கே நிற்பாய்?